பண்டிகைப் படத்துக்கு வரும் விமர்சனங்களைப் படிப்பது எப்படி?

தீபாவளிக்கு ஒரு குடும்பப் படம் வருகிறது. நாளிதழ் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறது. தியேட்டர் வாசலில் மைக்கைப் பிடித்தவர் ‘செகண்ட் ஹாஃப் லேக் ப்ரோ’ என்கிறார், அதாவது இரண்டாம் பாதி இழுக்கிறதாம். கும்பகோணத்தில் நாலாம் நாள் ஈவினிங் ஷோவுக்குப் பாதி சீட் காலி. ஓடிடியில் வந்த வாரத்தில் ‘இதைப் போய் தியேட்டர்ல விட்டுட்டோமே’ என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பல். நான்கும் ஒரே படத்தைப் பற்றியவை, நான்கில் எதுவும் பொய்யும் இல்லை. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாளில், வேறு வேறு கேள்விக்குச் சொன்ன பதில்கள் அவை.

இந்தப் பதில்களையெல்லாம் சேர்த்துத்தான் ஒரு படத்தின் விமர்சன வரவேற்பு என்கிறோம். ஆக்‌ஷன் படம் என்றால் இவை பெரும்பாலும் ஒரே பக்கம் சாயும். சிரிக்க வைத்துக்கொண்டே வந்து நெஞ்சில் ஒரு கனத்தை இறக்கிவிட்டுப் போகும் படத்துக்குத்தான் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அது ஏன், எதை எவ்வளவு நம்பலாம் என்பதைப் புதிதாக விமர்சனம் படிக்கத் தொடங்குபவர்களுக்காக இங்கே பார்க்கலாம்.

விழாவைப் பற்றிய படம், விழாவுக்கு வரும் படம்

அமெரிக்காவில் ஹாலிடே படம் என்றால் கதையே கிறிஸ்துமஸிலோ தேங்க்ஸ்கிவிங்கிலோ நடக்கும். அண்மைக்கால உதாரணம் அலெக்ஸாண்டர் பெய்ன் இயக்கி 2023-இல் வந்த ‘தி ஹோல்டோவர்ஸ்’. 1970 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து விடுதிப் பள்ளி ஒன்று. எல்லோரும் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட, மூன்று பேர் மட்டும் தங்கிவிடுகிறார்கள்: வீட்டில் யாரும் அழைக்காத ஒரு மாணவன், யாருக்கும் பிடிக்காத ஒரு ஆசிரியர், வியட்நாம் போரில் மகனைப் பறிகொடுத்த சமையல்காரம்மா. வாய்விட்டுச் சிரிக்க நிறைய உண்டு. ஆனால் முடியும்போது யார் இழந்ததும் திரும்பி வருவதில்லை.

நம்மிடம் பண்டிகைப் படம் என்றால் பண்டிகைக்கு ரிலீஸாகும் படம். கதையில் பொங்கல் பானை எட்டிக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ புவனேஸ்வரில் மழையில் சிக்கிக்கொண்ட இரண்டு பேர் சென்னைக்கு வந்து சேரப் படும் பாடு. அதில் பண்டிகை என்று எதுவும் கிடையாது.

வரவேற்பில் வரும் சிக்கலில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. விழாவைப் பற்றிய படத்தை, விழாவை அது எப்படிக் காட்டுகிறது என்று பார்த்து எடைபோடுவார்கள். விழாவுக்கு வரும் படத்தை, விழா நாளில் தனக்கு இருக்கும் மனநிலையை வைத்துக் கூட்டம் எடைபோடும். முதல் வகைக்கும் தேதி தொல்லை கொடுக்கும். ‘தி ஹோல்டோவர்ஸ்’ அமெரிக்காவில் 2023 அக்டோபர் கடைசியில் வந்தது. பிரிட்டனில் வந்ததோ 2024 ஜனவரி 19. கிறிஸ்துமஸ் மரத்தை எடுத்துப் பரணில் போட்ட பிறகு கிறிஸ்துமஸ் படம். விருதுக் காலத்தை ஒட்டி வெளியிடுபவர்களுக்கு இது லாபக் கணக்கு; பார்ப்பவருக்குக் காலம் தப்பிய விருந்து.

காவிரி டெல்டாவில் இன்னொரு காலண்டரும் உண்டு, பயிர்க் காலண்டர். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்த வருடமாக இருந்தால் தீபாவளிக்குள் குறுவை நெல் விற்ற பணம் கையில் வந்திருக்கும். சம்பா இளம்பயிராக நிற்கும். வெளியே ஐப்பசி அடைமழை. குடும்பத்தோடு தியேட்டரில் மூன்று மணி நேரம் உட்கார இதைவிட நல்ல நேரம் கிடையாது. பொங்கல் அப்படியில்லை. சம்பா முற்றிவிட்டது, அறுவடை மிஷினுக்குச் சொல்லிவைத்தாயிற்று, எந்த நிமிடமும் போன் வரலாம். அந்த மனசோடு உட்கார்ந்திருப்பவருக்குப் படம் பத்து நிமிடம் மெதுவாகப் போனாலே அரை மணி நேரமாகத் தெரியும். சென்னையில் பிரஸ் ஷோ பார்த்து எழுதும் விமர்சகருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் அவர் ‘நிதானமான’ என்று எழுதிய படத்தை மன்னார்குடியில் ‘இழுவை’ என்பார்கள். இரண்டு பேரும் சரி.

விமர்சகர் உண்மையில் தேடுவது எதை?

சிரிப்பும் கனமும் கலந்த படத்தில் நல்ல விமர்சகர் முதலில் பார்ப்பது நடிப்பையோ பாட்டையோ அல்ல. படம் எந்த இடத்தில் சிரிப்பிலிருந்து கனத்துக்குத் திரும்புகிறது, அந்தத் திருப்பம் முன்கூட்டியே விதைக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். விதைக்காமல் அழவைத்தால் அதற்கு ‘செயற்கையான சென்டிமென்ட்’ என்று பெயர். விதைத்து அழவைத்தால் ‘நெகிழ்ச்சி’. விமர்சனங்களில் அடிக்கடி கண்ணில் படும் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே உள்ள கோடு இதுதான்.

நம்மூர்ப் படத்தையே எடுத்துக்கொள்வோம். ச. பிரேம்குமார் இயக்கிய ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27-இல் வந்தது. தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போய்விட்ட அருள்மொழி (அரவிந்த்சாமி), பல வருடங்கள் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். ‘அத்தான், அத்தான்’ என்று வாய் ஓயாமல் அழைத்துக்கொண்டு ஒருவர் (கார்த்தி) ஒட்டிக்கொள்கிறார். சாப்பாட்டைக் கவனிக்கிறார், படுக்க இடம் பார்க்கிறார், வீட்டுக்கே கூட்டிப்போகிறார். அருள்மொழிக்கோ அவர் யார், பெயர் என்ன என்று சுத்தமாக நினைவில்லை. கேட்கவும் கூச்சம். முதல் பாதியில் இதுதான் சிரிப்புக்கு மூலதனம்: பெயர் தெரியாமலே தலையாட்டிச் சமாளிப்பது. எந்தக் கல்யாணத்திலும் நமக்கு நடப்பதுதான்.

இரண்டாம் பாதியில் கனமும் அதே கிணற்றிலிருந்து ஊறி வருகிறது. இவ்வளவு அன்பு காட்டுகிறவனின் பெயர்கூட நமக்குத் தெரியவில்லையே என்பது சிரிப்பாக இருந்த இடத்திலிருந்து குற்றவுணர்வாக மாறுகிறது. புதிதாக ஒரு நோய், ஒரு விபத்து, ஒரு வில்லன் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு படத்தை விமர்சகர்கள் ‘இயல்பாக நெகிழ வைக்கிறது’ என்று எழுதினால், பெரும்பாலும் இப்படி ஒரே பொருள் இரண்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள், இருக்கும்.

‘தி ஹோல்டோவர்ஸ்’ படத்திலும் இதே வேலைதான். சமையல்காரம்மாவின் மகன் இறந்த செய்தி தொடக்கத்திலேயே பள்ளித் தேவாலயத்தில் சொல்லப்பட்டுவிடுகிறது. அதன் பிறகு அவர் வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகப் பேசி நம்மைச் சிரிக்க வைத்துக்கொண்டே வருகிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஒரு விருந்தில், சமையலறையில் நின்று உடைந்து போகிறார். நமக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் அவர் அதுவரை அதை எங்கே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிகிறது. டாவைன் ஜாய் ராண்டால்ஃபுக்கு அந்தப் பாத்திரத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. படத்துக்கு மொத்தம் ஐந்து பரிந்துரைகள்.

இந்த வகைப் படத்துக்கு எப்போதும் வரும் குறைகளும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். ‘எதிர்பார்த்த மாதிரியே முடிகிறது’ என்பார்கள். இதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிரிந்தவர்கள் ஒரு விழாவில் கூடுவார்கள், கொஞ்சம் சேர்வார்கள், கொஞ்சம் சேராமலே போவார்கள் என்பது இந்த வகையின் எலும்புக்கூடு. ‘பழசை நினைத்து உருகுகிறது’ என்பது அடுத்தது. இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘தி ஹோல்டோவர்ஸ்’ டிஜிட்டலில் எடுக்கப்பட்டு, 1970-களின் ஃபிலிம் போலத் தெரியும்படி பின்னர் மெருகேற்றப்பட்டது. அதைப் பிரமாதம் என்றவர்களும் உண்டு, வேஷம் என்றவர்களும் உண்டு. அது ரசனை, படத்தின் கோளாறு அல்ல.

நீளம் என்பது மட்டும் எப்போதும் உண்மையான புகார். நம் படங்களுக்கு இடைவேளை உண்டு என்பதால் திருப்பத்தை இன்டர்வெல் பிளாக்கில், அதாவது இடைவேளைக்குச் சற்று முன் வரும் காட்சியில், வைப்பது வழக்கம். சண்டைப் படத்துக்கு அது வசதி. இந்த வகைக்கு ஆபத்து. கனமான காட்சியில் விளக்குப் போட்டதும் கூட்டம் டீக்கும் பாப்கார்னுக்கும் எழுந்து போகிறது. திரும்பி வந்து உட்கார்ந்து, பிள்ளையை மடியில் சரிசெய்து, போனைப் பார்த்து முடிக்கும்போது இரண்டாம் பாதியின் முதல் பத்து நிமிடம் போயிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் படம் தன் புதிய வேகத்தைச் சொல்லித் தருகிறது. அதைத் தவறவிட்டவர் மீதி நேரம் முழுக்க முதல் பாதியின் வேகத்தையே எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். ‘செகண்ட் ஹாஃப் லேக்’ பிறக்கும் இடம் இது. இடைவேளை இல்லாமல் எடுத்த வெளிநாட்டுப் படத்துக்கு நம்மூர்த் தியேட்டரில் பாதியில் ஓரிடத்தில் வெட்டி இடைவேளை விடும்போது நிலைமை இன்னும் மோசம்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதம் மதிப்பெண் அல்ல, தலைக்கணக்கு. எத்தனை விமர்சகர்கள் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ பக்கம் நின்றார்கள் என்பது மட்டுமே அது. 60 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சிவப்புத் தக்காளி. மெட்டாகிரிட்டிக் தளம் வேறு கணக்கு: ஒவ்வொரு விமர்சனத்தையும் நூற்றுக்கு இவ்வளவு என்று மாற்றி, சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. 61-உம் அதற்கு மேலும் என்றால் பச்சை, 40 முதல் 60 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘அ’ என்ற படத்துக்குப் பத்து விமர்சகர்கள். பத்துப் பேருமே ஐந்துக்கு மூன்று கொடுத்து, ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்கிறார்கள். ‘ஆ’ என்ற படத்துக்கும் பத்துப் பேர். ஏழு பேர் நாலரை கொடுக்கிறார்கள், மூன்று பேர் வெறும் இரண்டு. தலைக்கணக்கில் ‘அ’ 100 சதவீதம், ‘ஆ’ 70 சதவீதம். எளிய சராசரியில் ‘அ’ 60, ‘ஆ’ 75. அதாவது முதல் தளத்தில் முழு மதிப்போடு நிற்கும் படம், இரண்டாவது தளத்தில் மஞ்சள் வாங்கும். யாரையும் முகம் சுளிக்க வைக்காத படத்துக்குத் தலைக்கணக்கு எப்போதும் அனுகூலம். பண்டிகைக் குடும்பப் படங்கள் இயல்பிலேயே அப்படிப்பட்டவை; அவற்றின் சதவீதத்தைக் கொஞ்சம் கழித்தே படிக்க வேண்டும். ‘தி ஹோல்டோவர்ஸ்’ 97 சதவீதத்தை ஒட்டி நின்றது, மெட்டாகிரிட்டிக்கில் 82. இரண்டுமே உயர்ந்த எண்கள், முரண்பாடு இல்லை. 97 என்பது எத்தனை பேர் என்று சொல்கிறது, 82 என்பது எவ்வளவு என்று சொல்கிறது.

நட்சத்திரங்களில் வேறொரு பள்ளம் இருக்கிறது. ஐந்துக்கு இரண்டரை என்பது சரிபாதி. அது பாராட்டா, நிராகரிப்பா? ராட்டன் டொமேட்டோஸில் பல விமர்சகர்கள் தங்கள் விமர்சனம் எந்தப் பக்கம் என்று தாங்களே குறிக்கிறார்கள். இரண்டரையை ஒருவர் இந்தப் பக்கமும் இன்னொருவர் அந்தப் பக்கமும் போடலாம். நம்மூரில் இரண்டே முக்கால் என்றெல்லாம் கொடுப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் தயாரிப்பாளர் மனம் கோணாமல் ‘சுமார்’ என்று சொல்லும் வழி.

ஆனந்த விகடன் மதிப்பெண் தனி மரபு. 1977-இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு அது கொடுத்தது 62.5. விகடனில் அதுதான் மிகப் பெரிய கௌரவமாக இன்றுவரை பேசப்படுகிறது. ஆக விகடனில் 45 என்றால் பள்ளிக்கூடத்து 45 அல்ல, நல்ல படம் என்றே பொருள். இது தெரியாமல் ‘பாஸ் மார்க்தான் வாங்கியிருக்கு’ என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த எண்ணைப் பார்த்தாலும், அதே கை இதுவரை கொடுத்த அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டால் போதும்.

ஐஎம்டிபி என்ற சினிமாத் தகவல் தளத்தில் பயனர்கள் போடும் பத்துக்கு இத்தனை என்ற கணக்கை முதல் வாரத்தில் பார்க்கவே வேண்டாம். ரசிகர் மன்றங்கள் ஏற்றும், எதிர் மன்றங்கள் இறக்கும். அமெரிக்காவில் 1979 முதல் இருக்கும் சினிமாஸ்கோர் கொஞ்சம் உருப்படியானது. ரிலீஸான முதல் இரவில் தியேட்டருக்கு வந்தவர்களிடமே சீட்டுக் கொடுத்து, ஏ பிளஸ் முதல் எஃப் வரை கிரேடு வாங்குகிறார்கள். முதல் நாளே வருபவர் பிடிக்கும் என்று நம்பி வருபவர். ஆகவே அங்கே பி என்பதே சுமார்தான். டிரெய்லரில் சிரிப்பை மட்டும் காட்டி, தியேட்டரில் அழவைத்தால் இந்த கிரேடு சறுக்கும். படம் மோசம் என்பதற்காக அல்ல. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்பதற்காக.

வாசல் மைக்கும் திங்கட்கிழமையும்

தமிழ்நாட்டில் பெரிய படங்களின் முதல் காட்சி இப்போது பெரும்பாலும் காலை 9 மணிக்கு. பக்கத்து மாநிலங்களில் அதற்கு முன்பே தொடங்கிவிடுவது உண்டு. ஆகவே தஞ்சாவூரில் கதவு திறப்பதற்குள் போனில் ‘பிளாக்பஸ்டர்’, ‘டிசாஸ்டர்’ இரண்டும் வந்திருக்கும். 9 மணிக்கு முன் வரும் எதையும் தமிழ்நாட்டுக் கூட்டத்தின் கருத்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாசலில் மைக்கில் பேசுபவர் முப்பது வினாடியில் ஒரு சொல் சொல்ல வேண்டும். படம் முடிந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை. சண்டைப் படத்துக்கு அந்த ஒரு சொல் போதும். மெதுவாக உள்ளே இறங்கும் படத்துக்கு அந்த நேரத்தில் யாரிடமும் சொல் இருக்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருபவர் மைக்கைப் பார்த்ததும் ஒதுங்கிப் போய்விடுவார். மிச்சம் நிற்பவர் சொல்வதுதான் பதிவாகிறது. 2024 நவம்பரில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் தரப்பு, தியேட்டர் வளாகத்துக்குள் இப்படிப் பேட்டி எடுக்க விடக்கூடாது என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். நீதிமன்றம் அப்படித் தடை போட மறுத்துவிட்டது. தடை தேவையில்லை, அந்தப் பேட்டியை விமர்சனம் என்று எண்ணாமல் இருந்தாலே போதும்.

வசூலைப் பொறுத்தவரை, திருச்சி-தஞ்சாவூர் இரண்டும் சேர்ந்த வினியோகப் பகுதியை ‘டிடி ஏரியா’ என்பார்கள். வரி போக, தியேட்டர் பங்கு போக வினியோகஸ்தர் கைக்கு வருவது ‘ஷேர்’. போஸ்டரில் போடும் கோடிகள் பெரும்பாலும் மொத்த வசூல், ஷேர் அல்ல. பண்டிகையின் முதல் மூன்று நான்கு நாள் எந்தப் படமும் நிரம்பும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை எல்லாப் படமும் விழும், அந்த வீழ்ச்சியையும் விடுங்கள். விழுந்த பிறகு அந்தத் திங்கள் முதல் வியாழன் வரை எப்படிப் போகிறது என்று பாருங்கள். நான்கு நாளும் ஏறக்குறைய ஒரே அளவில் ஆள் வந்தால் மவுத் டாக் நன்றாக இருக்கிறது. தினமும் பாதியாகக் குறைந்தால் போனவர்கள் வீட்டில் போய் நல்ல விதமாகச் சொல்லவில்லை. ஐப்பசியில் புயல் எச்சரிக்கை இருந்த வாரம் என்றால் இந்தக் கணக்கும் செல்லாது.

காலம் கொடுக்கும் மார்க்

‘அன்பே சிவம்’ வெளியானபோது தியேட்டரில் தோற்றது. அதே பொங்கல் வரிசையில் ‘தூள்’ போன்ற முழு மசாலா இருந்தது. கூட்டம் எந்தப் பக்கம் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. முகமெல்லாம் தழும்போடு, சோடாப்புட்டிக் கண்ணாடியோடு ஒரு கம்யூனிஸ்ட் சிரித்துக்கொண்டே கடவுளைப் பற்றிப் பேசுவதைப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கேட்க யாரும் வரவில்லை. பிறகு டிவியில் போட்டுப் போட்டு, ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் பார்த்தவர்கள்தான் அதை மேலே தூக்கி வைத்தார்கள். படத்தில் ஒரு ஃபிரேமும் மாறவில்லை. பார்க்கும் நேரம் மாறியது.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஃபிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ 1946 டிசம்பரில் வந்து, ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் வாங்கியும் போட்ட பணத்தை எடுக்கவில்லை; உருக்கம் அதிகம் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். 1974-இல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் டிவி நிலையங்கள் சல்லிக்காசு கொடுக்காமல் வருடாவருடம் போட்டன. கிறிஸ்துமஸ் என்றால் அந்தப் படம் என்று ஆனது அதன் பிறகுதான்.

நம்மூரைக் காட்டும் படத்துக்கு நாம் போடும் கணக்கு

ஊர் நினைப்பில் நிற்கும் படத்தை டெல்டாக்காரர் பார்ப்பதற்கும் மற்றவர் பார்ப்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பொங்கல் காட்சியில் வயல் இளம்பச்சை நாற்றாகத் தெரிந்தால் இங்கே யாராவது கட்டாயம் முணுமுணுப்பார்கள். தை பிறக்கும்போது சம்பா கதிர் சாய்ந்து பழுத்திருக்கும், சில இடத்தில் தாளே மிஞ்சியிருக்கும். குறுவை அறுத்த வயலில் நட்ட தாளடி மட்டும் பின்தங்கிக் கொஞ்சம் பச்சை காட்டும். அதுவும் கதிர் வாங்கிய பச்சை, நாற்றுப் பச்சை அல்ல. பங்குனியில் நெல் வயலைக் காட்டினால் அதைவிடச் சிரிப்பு. அப்போது பெரும்பாலான வயலில் உளுந்தும் பயறும்தான். இவற்றைச் சென்னை விமர்சகர் கவனிக்க மாட்டார், கவனிக்காததும் குற்றமில்லை. ஆனால் ‘ஊரை விட்டு வந்துவிட்டோமே’ என்பதையே மையமாக வைத்த படத்துக்கு ஊர் அலங்காரம் அல்ல, சாட்சி. சாட்சி தடுமாறினால் உருக்கமும் கொஞ்சம் தடுமாறும். ஊர்க்காரர் எழுதும் விமர்சனத்துக்கு இங்கே தனி மதிப்பு இருக்கிறது. அதே ஊர்க்காரர், பஸ் ஸ்டாண்டைக் காட்டினாலே விசிலடித்துப் படத்தைத் தூக்கிப் பிடிப்பதும் உண்டு, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்

மூன்று விமர்சனம் போதும். அவை ஒரே மாதிரி இருந்தால் பயன் இல்லை; பாராட்டியது ஒன்று, குறை சொன்னது ஒன்று, நடுவில் நிற்பது ஒன்று. ஒவ்வொன்றிலும் எண்ணை விட்டுவிட்டு, குறையைச் சொல்லும் வாக்கியத்தை மட்டும் எடுங்கள். ‘பேசிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்று ஒருவர் குறை சொல்கிறார் என்றால், பேச்சு பிடிக்கும் ஆளுக்கு அது பரிந்துரை. எந்த விமர்சகரை நம்புவது என்று தெரியவில்லையா? நீங்கள் ஏற்கெனவே பார்த்த பத்துப் படங்களுக்கு அவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள். உங்களோடு ஒத்துப்போகிறவரைத் தேட வேண்டியதில்லை. எப்போதும் நேர்மாறாகச் சொல்கிறவரும் அதே அளவு பயன்படுவார். ஒருநாள் இப்படி ஒருநாள் அப்படி என்று சொல்பவர்தான் எதற்கும் உதவ மாட்டார்.

குழந்தைகளோடு போவதாக இருந்தால் சான்றிதழைப் பாருங்கள். 2024-இன் இறுதியிலிருந்து யுஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. குடும்பப் படம் என்று விளம்பரம் சொன்னாலும் 13+ என்று இருந்தால் இறப்பு, குடி, கெட்ட வார்த்தை ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ‘தி ஹோல்டோவர்ஸ்’ கிறிஸ்துமஸ் படம்தான்; அமெரிக்காவில் அதற்குக் கிடைத்தது ஆர் சான்றிதழ், 17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணையோடுதான் போக முடியும்.

கடைசியாக, படத்தின் நீளத்தை இரண்டு இடத்தில் ஒப்பிடுங்கள்: விமர்சனத்தில் ஒன்று, டிக்கெட் ஆப்பில் ஒன்று. ‘மெய்யழகன்’ முதலில் வந்தபோது ஏறக்குறைய 2 மணி 57 நிமிடம். இரண்டாம் பாதியின் பேச்சு நீளம் என்று பலரும் சொன்ன பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். முதல் நாள் எழுதிய விமர்சனத்தைப் பத்தாம் நாள் படித்துவிட்டுப் போனவர், விமர்சகர் பார்க்காத ஒரு படத்தைத்தான் பார்த்தார். எண்கள் வேறுபட்டால் பழைய விமர்சனத்தில் ‘நீளம்’ பற்றி வருவதை அடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். மூன்று மணி நேரப் படத்தை இரவு 10 மணி செகண்ட் ஷோவில் பார்த்தால் இடைவேளை, விளம்பரம் எல்லாம் சேர்த்து முடிய ஒன்றேகால் ஆகிவிடும். திருவாரூரிலோ மன்னார்குடியிலோ பார்த்துவிட்டு உள்கிராமத்துக்குத் திரும்ப வேண்டியவர்கள் சொந்த வண்டி இல்லையென்றால் ஈவினிங் ஷோவுக்கே டிக்கெட் போடுவது நல்லது.